நெல் உமி டயரும் பார்வதி அக்காவும்

1. சாம்பல் வந்த நாள்

உமிச் சாம்பல் எங்கள் தொழிற்சாலைக்கு முதன்முதலாக வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. கெடா மாநிலத்திலுள்ள ஒரு நெல் ஆலையிலிருந்து சின்ன லாரியில் இருபது மூட்டைகள் வந்தன. இறக்கும்போதே ஒரு மூட்டையின் வாய் பிரிந்து சாம்பல் தரையில் கொட்டியது. பார்வதி அக்கா குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அதை நெற்றியில் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சந்திரா, கம்பெனியே திருநீறு வாங்கிப் போட்டிருக்கு. இனிமே கோயிலுக்கு லீவு கேக்க வேணாம் லா."

அங்கே நின்ற எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நான் பிறை என்ற ஊரில் ஒரு டயர் தொழிற்சாலையின் லேபில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். காம்பவுண்ட் டெக்னீஷியன். ரப்பரோடு எதை எவ்வளவு கலப்பது, கலந்து வந்தது சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது, இதுதான் என் வேலை. வீடு எதிர்க்கரைத் தீவில், ஜார்ஜ் டவுனில், டத்தோ கெராமாட் பக்கம். தினமும் காலையில் மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி அக்கரை போய், மாலையில் இக்கரை திரும்புவேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. லேப் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். அந்த டயர் எப்படி வெற்றி பெற்றது என்பதை எழுத ஆள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது அது இல்லை.

டயர் என்றால் ரப்பர் மரத்துப் பால் என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். மரத்துப் பாலும் உண்டு. ஆனால் ஒரு காடி டயரில், காரை நாங்கள் காடி என்போம், பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து வருவது. செயற்கை ரப்பர், கறுப்பு நிறத்துக்கும் பலத்துக்கும் கார்பன் பிளாக், மிருதுவாக்க எண்ணெய், ஒட்டுவதற்கு ரெசின், எல்லாமே அதிலிருந்துதான். அதோடு சிலிக்கா. அது மணலை உருக்கி எடுப்பது. டயர் உருளும்போது வீணாகிற சக்தியைக் குறைத்து, ஈர ரோட்டில் பிடிமானம் தருவது அதுதான்.

இவற்றில் எத்தனையைச் செடி கொடிகளிலிருந்து எடுக்க முடியுமோ அத்தனையையும் மாற்றிப் பார்ப்பது என்று கம்பெனி முடிவு செய்தது. எண்ணெய்க்குப் பதில் செம்பனை எண்ணெய். ரெசினுக்குப் பதில் பைன் மரத்துப் பிசின். மணலுக்குப் பதில் நெல் உமி. உமியில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது. எரித்தால் அது சாம்பலில் தங்கும். முறையாகச் செய்தால் அந்தச் சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து, சிலிக்காவைத் தனியாகப் பிரித்தெடுப்பார்கள். செலவைக் குறைக்கலாம் என்று நாங்கள் சாம்பலையே நுணுக்கி நேராகக் கலந்து பார்த்தோம்.

இந்த வேலைக்குத் தலைவர் டாக்டர் சிவனேசன். யாழ்ப்பாண வம்சம். தாத்தா காலத்திலேயே ரயில்வே கிளார்க்காக வந்த குடும்பம். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கோபம் வந்தாலும் குரல் உயராது. முதல் மீட்டிங்கில் அவர் சொன்னது நினைவிருக்கிறது.

"இது உமி. கோழிக்குக் கூட்டிப் போடுற உமி. இதுல டயர் செய்யலாம்னு காட்டினா, நாளைக்கு உலகமே திரும்பிப் பார்க்கும். என்ன சந்திரன், செய்வமோ?"

செய்வோம் என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன்.

பார்வதி அக்கா எடை அறைக்காரர். பொடிகளை அளந்து சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி மிக்ஸருக்கு அனுப்ப வேண்டும். பை அப்படியே மிக்ஸருக்குள் போய் ரப்பரோடு உருகிவிடும். ஒரு பையில் அளவு தப்பினால் அந்த பேட்ச் முழுவதும் வீண். என் காலத்தில் அவர் கையால் தப்பிய பேட்ச் ஒன்றுகூடக் கிடையாது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். எங்களிடம் வருவதற்கு முன் ஜுருவில் ஒரு தரை ஓடு தொழிற்சாலையில் ஏழு வருடம் இருந்தார். கணவர் இல்லை, ஒரே மகள். பிறையில் பிளாட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

2. மணல் மூட்டைக்குப் பதிலாக

ஒரு வருடம் கலந்து, சோதித்து, தூக்கிப் போட்டு, மறுபடி கலந்தோம். ஒரு கலவை மிக்ஸருக்குள்ளேயே விறைத்துப்போனது. இன்னொன்று அச்சிலிருந்து எடுக்கும்போதே பிளந்தது. கடைசியில் நான்கு நல்ல டயர்கள் கிடைத்தன. அவற்றைக் கம்பெனி டெஸ்ட் காடியில் மாட்டினார்கள்.

டெஸ்ட் ஓட்டும்போது பின்சீட்டில் பாரத்துக்காக மணல் மூட்டை வைப்பது வழக்கம். அன்று மூட்டையைத் தூக்க ஆள் வருவதற்குள் பார்வதி அக்கா வந்து பின்கதவைத் திறந்தார்.

"மணல் எதுக்கு? நான் அதே வெயிட்டுதான். நான் அளந்து போட்ட டயர்ல நான் ஒரு தடவகூட போகலன்னா எப்படி?"

டிரைவர் என்னைப் பார்த்தார். விதிப்படி ஏற்றக்கூடாது. நான் டாக்டர் சிவனேசனைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பேப்பரைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

பாலத்தைத் தாண்டி, தீவைச் சுற்றி, பாலிக் புலாவ் மலை வளைவுகளில் ஏறினோம். பாதி வழியில் மழை பிடித்தது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே வேகமாகத் திருப்பிப் பார்த்தார். டயர் ரோட்டை விடவில்லை. பின்னால் அக்கா முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பயமா சந்தோஷமா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் தம்பி. இது என் உமி, இல்லையா."

ஊரில் இறங்கி ஜாதிக்காய் ஜூஸ் குடித்தோம். மகளுக்கு என்று ஒரு பாட்டில் ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கினார். திரும்பும்போது மணல் மூட்டை தூங்கிவிட்டது என்று டிரைவர் சொல்லிச் சிரித்தார். என் முப்பத்தொரு வருடத்தில் நல்ல நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

3. வெள்ளைச் சாம்பல்

அதற்குப் பிறகு சாம்பல் ஆர்டர் கூடியது. நெல் ஆலை எங்களுக்காகவே உமியை எரிக்கத் தொடங்கியது. ஒரு தடவை நாற்பது மூட்டைகள் வந்தன. திறந்து பார்த்தால் சாம்பல் வெள்ளையாக, லேசான ரோஸ் சாயலோடு இருந்தது. முன்பெல்லாம் வந்தது கறுப்பு கலந்த சாம்பல் நிறம். வெள்ளை என்றால் கரி முழுவதும் எரிந்து சுத்தமாகிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்குச் சந்தோஷம் இல்லை, ஏனென்றால் சோதனை சரியாக வரவில்லை. ரப்பரைப் பொத்தான் அளவுக்கு வெட்டி, உப்புத்தாள் சுற்றிய உருளையில் தேய்த்து, எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்போம். வெள்ளைச் சாம்பல் கலந்த ரப்பர் முன்பைவிட மோசமாகத் தேய்ந்தது. மூன்று தடவை செய்தேன். மூன்றும் ஒரே மாதிரி. எங்கள் லேபில் அதற்கு மேல் பார்க்க மெஷின் கிடையாது. ஒரு பல்கலைக்கழக லேபுக்குச் சாம்பலை அனுப்பினோம்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. ஆலையில் உமியை அளவுக்கு மீறிய சூட்டில் எரித்திருக்கிறார்கள். அதனால் சிலிக்கா படிகமாக மாறிவிட்டது. டயருக்கு வேண்டியது படிகமாகாத சிலிக்கா. படிகம் ரப்பரோடு ஒட்டாது. அறிக்கையில் அந்தப் படிகத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று எனக்குப் பட்டது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் ஒரு பாதுகாப்புப் பயிற்சியில் மணல் பீய்ச்சி இரும்பைச் சுத்தம் செய்கிற வேலை பற்றி ஒருவர் பேசினார். அந்தப் பேச்சில் வந்த பெயர் என்று அரைகுறையாக ஞாபகம். அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை.

அடுத்த வாரம் வெளிநாட்டுக் கஸ்டமர் வருவதாக இருந்தது. டாக்டர் சிவனேசன் அறிக்கையின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்.

"டயருக்கு ஆகாது, சரி. வெளியில கொட்ட ஏலாது சந்திரன். இந்தப் பிராஜெக்ட்ல ஒண்டும் குப்பைக்குப் போகாதுன்னு எழுதிக் குடுத்திருக்கிறம். மேட்டுக்கு விடுங்கோ."

மேட்டு என்றால் காடிக்குள் கால் வைக்கிற ரப்பர் விரிப்பு. மட்டமான சரக்கை அதில் போடுவது வழக்கம்தான். அதற்கு ஒரு ஃபாரம் உண்டு. சரக்கின் பெயர், மூட்டை எண்ணிக்கை, எதனால் தள்ளுபடி, எதற்குப் பயன்படுத்தலாம். கடைசிக் கட்டம் பாதுகாப்புக் குறிப்பு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. விட்டால் ஸ்டோரில் வாங்க மாட்டார்கள்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் என் பேனா நின்றது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு நிமிடம் நின்றது. பாதுகாப்பு அதிகாரியைக் கேட்கலாம் என்று போன் போட்டேன். அவர் லீவில் இருந்தார். வெளியே ஃபோர்க்லிஃப்ட் காத்திருந்தது. கஸ்டமர் வருவதற்குள் அந்த மூட்டைகள் கண்ணில் படாத இடத்துக்குப் போக வேண்டும். உமிதானே என்று ஒரு நினைப்பு. நான் "தியாடா" என்று எழுதினேன். மலாயில் இல்லை என்று அர்த்தம். கீழே கையெழுத்துப் போட்டேன்.

மூட்டைகள் எடை அறைக்குப் போயின. ஃபாரத்தின் நகலை வழக்கம்போல் அறைச் சுவரில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த ஆலையிலிருந்து வெள்ளைச் சாம்பல் வந்துகொண்டிருந்தது. டயருக்கு ஆகாததெல்லாம் அதே ஃபாரத்தின் பேரில் மேட்டுக்குப் போனது. பார்வதி அக்கா ஒன்றரை வருடம் அதை அள்ளி, அளந்து, கட்டினார். அந்த அறையில் சுவரில் ஒரு விசிறி மட்டும் உண்டு. தூசி இழுக்கிற மெஷின் கிடையாது.

4. இருமல்

அக்காவுக்கு இருமல் வந்தது கொரோனா காலத்தில். அப்போது யார் இருமினாலும் பக்கத்தில் இருப்பவன் எழுந்து போவான். அக்காவுக்கு மூன்று தடவை சோதனை செய்தார்கள். மூன்றிலும் கொரோனா இல்லை என்று வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள், இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார்கள்.

"டஸ்ட் அலர்ஜியாம் தம்பி. நாங்கதான் டஸ்ட்லயே பொறந்து வளந்தவங்களாச்சே, இப்ப என்ன புதுசா அலர்ஜி" என்றார் கேண்டீனில்.

முகத்தில் எல்லோரும் மாட்டுகிற நீல நிற மாஸ்க் இருந்தது. அது அந்தப் பொடியைத் தடுக்காது. கார்பன் பிளாக் பக்கம் வேலை செய்பவர்கள் இரண்டு ஃபில்டர் வைத்த ரப்பர் மாஸ்க் போட வேண்டும். சாம்பலுக்கு அப்படி விதி இல்லை. ஃபாரத்தில் இருந்தால்தான் விதி.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு வந்த தைப்பூசத்தில் அக்கா வழக்கம்போல் பால்குடம் எடுத்தார். தண்ணீர்மலைக் கோயில் படியில் கால்வாசி ஏறியதும் உட்கார்ந்துவிட்டார். நான் அப்போது கீழே தண்ணீர்ப் பந்தலில் இருந்தேன். சுமதி, அவருடைய மகள், பால்குடத்தை வாங்கிக்கொண்டு மேலே போனாள். அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"வருசம் தவறாம ஏறின படி" என்றார். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

அடுத்த வாரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதலில் காசநோய் என்று சந்தேகப்பட்டு அதற்கும் சோதித்தார்கள். அதுவும் இல்லை. நுரையீரல் முழுவதும் சின்னச் சின்னத் தழும்புகள் இருந்தன. கல் உடைக்கிற இடத்தில் வேலை செய்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். இல்லை, உமிச் சாம்பல் என்று அக்கா சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா அதை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டாராம்.

5. இரண்டு பக்கம்

சுமதி ஜுருவில் ஒரு காடி ஷோரூமில் சேல்ஸ் பிரிவில் இருந்தாள். வேலை நேரத்தில் போன் செய்கிற பெண் இல்லை. அன்று மத்தியானம் லேபுக்கு நேராகப் போன் செய்தாள்.

"அங்கிள், அம்மா வேலை செஞ்ச பொடியில என்ன இருந்துச்சின்னு டாக்டர் எழுதிக் கேக்குறாங்க. ஆபீஸ்ல கேட்டா, கம்பெனி விசயம், வெயிட் பண்ணுங்கன்னு சொல்றாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து அந்தப் பல்கலைக்கழக அறிக்கையை எடுத்தேன். படிகத்தின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கும், தழும்பாகும், திரும்பச் சரியாகாது, எல்லாம் அங்கே இருந்தது. அன்றைக்கு ஃபோர்க்லிஃப்டை ஐந்து நிமிடம் நிற்க வைத்திருந்தால் இதைப் படித்திருப்பேன்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு டாக்டர் சிவனேசன் அறைக்குப் போனேன். சுமதி கேட்டதைச் சொன்னேன். ஆபீஸில் காத்திருக்கச் சொன்னதையும் சொன்னேன். அந்தச் சமயம் டயர் மார்க்கெட்டுக்கு வர மூன்று மாதம்தான் இருந்தது. அவர் அறிக்கையை வாங்கி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். படிகத்தின் பெயர் அங்கேதான் இருந்தது.

"இதை நான் அண்டைக்கே பார்த்தனான், சந்திரன்."

அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தார்.

"எனக்குத் தெரியும் இது என்னண்டு. நான் படிச்சதே இதைத்தானே. டயரைப் பற்றி மட்டும் யோசிச்சன். ஆள் ஒருத்தி கையால அள்ளுறா எண்டு யோசிக்கவே இல்ல."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கொண்டுபோய்க் குடுங்கோ. யாரும் கேட்டா, நான்தான் குடுக்கச் சொன்னன்னு சொல்லுங்கோ."

அவர் சொன்னபடியே பிறகு எல்லா விசாரணையிலும் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியது என் கடமை.

அறிக்கையைச் சுமதியிடம் கொடுத்தேன். டாக்டரம்மா எழுதியதன் பேரில் அரசாங்க ஆட்கள் வந்து எடை அறையைச் சோதித்தார்கள். மூட்டைகளை முத்திரை வைத்து எடுத்துப்போனார்கள். அறைக்குத் தூசி இழுக்கிற மெஷின் வந்தது. வேலையால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அக்காவின் நுரையீரலைக் கெடுத்தது எங்கள் சாம்பலா, அதற்கு முன் ஏழு வருடம் இருந்த ஓடு தொழிற்சாலையின் தூசியா, இரண்டுமா, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா எழுதினார். ஆபீஸில் சிலருக்கு அந்த வரி ஆறுதலாக இருந்தது. என்னிடமும் ஒருவர் வந்து சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

6. பிறை பிளாட்டில்

அக்கா வேலையை விட்டபின் மாதம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். வேலை முடிந்து ஃபெர்ரிக்குப் போகும் வழிதான். ஆறாவது மாடி. ஜன்னலோரம் கட்டில். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அக்கா பேசுவது இரண்டு வார்த்தை, பிறகு மூச்சு, பிறகு இரண்டு வார்த்தை என்று ஆகிவிட்டது.

ஐந்தாறு தடவை போய், சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன். ஒரு சனிக்கிழமை சுமதி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். அக்காவும் நானும் மட்டும்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த வெள்ளச் சாம்பல் ஃபாரம். அதுல பாதுகாப்புக் குறிப்பு இல்லைன்னு எழுதுனது நான். எனக்குச் சந்தேகம் இருந்துச்சு அக்கா. கேக்காம எழுதிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை.

"தெரியும் தம்பி. ஃபாரம் என் ரூம்லதானே தொங்குச்சு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

மூச்சு வாங்கினார். நான் காத்திருந்தேன்.

"முதல் வாரம் நானே ரப்பர் மாஸ்க் எடுத்துப் போட்டேன். கண்ணு எரிஞ்சுது. அப்புறம் ஃபாரத்தப் பாத்தேன். சந்திரன் இல்லைன்னு எழுதியிருக்கான். அவன் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு கழட்டி வச்சேன். வேர்க்குது இல்ல, அதப் போட்டா."

எனக்கு அழுகை வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். என்னை மன்னித்துவிட்டதாக அக்கா சொல்லவில்லை. திட்டவும் இல்லை. வேறு ஒன்று கேட்டார்.

"இப்ப அந்த ரூம்ல யாரு?"

"மாரியாயின்னு ஒரு புதுப் பொண்ணு. நேபாளப் பையன் ஒருத்தனும் இருக்கான்."

"மாஸ்க் போடறாங்களா?"

"போடறாங்க அக்கா. நானே போய்ப் பாக்குறேன்."

"பாரு. தெனமும் பாரு."

சுமதி திரும்பி வந்ததும் எனக்கு மீன்குழம்பு ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் இருந்தார். கடைசி இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

அடக்கத்துக்குக் கம்பெனி மலர் வளையம் அனுப்பியது. டாக்டர் சிவனேசன் வந்தார். பிளாட்டின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது.

7. டயர்

டயர் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. இப்போது சாம்பலை நேராகக் கலப்பதில்லை. கரைத்துப் பிரித்தெடுத்த சிலிக்காதான், மூடிய குழாயில் வருகிறது. கையால் யாரும் தொடுவதில்லை. பக்கச் சுவரில் ஒரு சின்ன இலைப் படம் போட்டிருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் என் காடிக்கு இன்சூரன்ஸ் விசயமாக ஜுரு போனேன். சுமதியின் ஷோரூமுக்கும் போனேன். வாசலில் புதுக் காடி, அதில் நான்கும் அந்த உமி டயர்கள். பக்கத்தில் நெல் வயல் படத்தோடு ஒரு பலகை. சுமதி எனக்குத் தே ஓ, பால் இல்லாத டீ, வாங்கி வந்தாள். நாங்கள் இருவரும் அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம்.

"கஸ்டமர் எல்லாம் இதப் பத்திதான் கேக்குறாங்க அங்கிள். நல்ல டயரான்னு. நான் நல்ல டயர்னுதான் சொல்றேன்."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நல்ல டயர்தானே?"

"நல்ல டயர்தான் மா. ரொம்ப நல்ல டயர்."

பொய் இல்லை. பெட்ரோலியத்தைக் குறைப்பது நல்ல காரியம். உமியைக் குவித்துப் புகைய விடுவதைவிட டயராக்குவது மேல். இதை எழுதுவதால் அந்த வேலையே தப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். சுமதி தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்த ஒரு குடும்பத்தைக் கவனிக்க எழுந்து போனாள்.

லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷினைப் படிப்பது, அளவு பார்ப்பதெல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிடும். செடியிலிருந்து வந்தது, மண்ணிலிருந்து வந்தது என்று பெயரைப் பார்த்து எதையும் நம்பாதீர்கள். என்ன சூட்டில் எரித்தார்கள், யார் கையால் அள்ளப்போகிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் எழுதுகிற ஃபாரத்தை இன்னொரு அறையில் ஒருவர் நம்பிப் படிக்கிறார். உங்கள் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. தெரியாது என்று எழுதியிருக்கலாம். ஃபாரம் ஸ்டோரிலிருந்து திரும்பி வந்திருக்கும், ஃபோர்க்லிஃப்ட்காரர் திட்டியிருப்பார், கஸ்டமர் வரும்போது நாற்பது மூட்டைகள் வழியில் கிடந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும். அதற்குப் பதிலாக நான் இல்லை என்று எழுதினேன்.